பதினான்கு குண்டூசிகள்

1

"சார், லேப் பீரோ சாவி வேணும்."

கலைமணி அறிவியல் டீச்சராக வேலைக்குச் சேர்ந்த அன்றே லீலாவதி டீச்சர் எச்சரித்திருந்தார்: "லீவு கேளுங்க, குடுப்பாங்க. அந்தச் சாவிய மட்டும் கேட்டுறாதீங்க."

இந்தக் கதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் பத்தாம் வகுப்பு ரெக்கார்ட் நோட்டு கையில் கிடைத்தது. 'சட்டக் காந்தத்தின் ஒரு முனையில் ஒட்டிய குண்டூசிகள்: 14' என்று முத்துமுத்தாக எழுதியிருக்கிறேன். அந்த வருடம் நான் காந்தத்தைத் தொட்டதே இல்லை. மேல்வகுப்பு அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதினேன். அந்த அக்கா இன்னொரு அக்காவைப் பார்த்து. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், அதுவும் இயற்பியலில். சிரிப்பதென்றால் சீக்கிரம் சிரித்து முடியுங்கள்.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: 'கொள்ளிடத்துக் காற்று தாலாட்டும் திருமழபாடியில், நாற்று நடும் ஓர் ஏழைத் தாயின் மகளாய்...' நிறுத்திவிட்டேன். கலைமணியின் அம்மா நாற்று நடுபவர்தான். அதற்குக் காற்றை எதற்கு இழுக்க வேண்டும்?)

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஒரு தனியார் பள்ளி. அதன் முதல்வர் அரங்கநாதன். பீரோ வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குத் திறக்கும். அம்மீட்டருக்குச் சந்தனம், பேட்டரிக்குக் குங்குமம், காந்தங்களுக்குப் பூ. பிறகு பூட்டு.

"எதுக்கும்மா சாவி?"

"பத்தாவது பிள்ளைங்க காந்தத்தப் பாக்கணும் சார்."

"புஸ்தகத்துல படம் இருக்குல்ல?"

"படத்துல குண்டூசி ஒட்டாதுங்க சார்."

சாவியைக் கொடுத்தார். கூடவே வந்து காவலுக்கும் நின்றார்.

3

காந்தங்கள் சிவப்படித்த வடமுனையெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி ரப்பர் பேண்டில் கட்டிக் கிடந்தன. பூஜையில் வைக்க வரிசையாக, அழகாக இருக்கும் என்று முதல்வரே கட்டியது.*

தமிழ்மொழி என்கிற மாணவி குண்டூசிகளை ஒட்டிப் பார்த்து எண்ணினாள். "மிஸ், மூணுதான். மூணாவதும் மனசில்லாமத்தான் நிக்கிது." நோட்டிலும் 3 என்றே எழுதினாள். மற்ற முப்பத்தெட்டுப் பேரும், அதே காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே, 14 என்று எழுதினார்கள்.

* காந்தம் கெடாமலிருக்க, இரண்டு காந்தங்களை ஒன்றன் வடமுனைக்குப் பக்கத்தில் மற்றதன் தென்முனை வருமாறு வைத்து, நடுவே கட்டை கொடுத்து, இரு நுனியையும் தேனிரும்புத் துண்டால் இணைக்க வேண்டும். ஒத்த முனைகளைச் சேர்த்துக் கட்டினால் ஒன்றை ஒன்று கெடுக்கும். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்துக்குப் பூட்டுக் கிடையாது.

4

"வியாழக்கிழம பிராக்டிகலுக்கு எக்ஸ்டர்னல் வர்றாரு. அந்தப் புள்ளைய பதினாலுன்னு மாத்தச் சொல்லு. இல்லாட்டி நாளையிலேந்து நீ வராத."

"காந்தம் போயிருச்சு சார்."

"பதினெட்டு வருஷமா பத்திரமா இருக்கும்மா. ஒரு கீறல் உண்டா?"

"கீறலும் இல்ல, காந்தமும் இல்ல. செம்புக் கம்பியச் சுத்திப் பேட்டரியில குடுத்தா திரும்பக் காந்தமாயிரும். பிள்ளைங்களே செய்வாங்க."

"பூஜ பண்ணுன பொருள்ல கம்பி சுத்துறதா? மொதத் தலமுறையா படிச்சா இப்படித்தான், பதட்டம். நாங்கள்லாம் மூணு தலமுறையா படிச்சவங்க."

"மூணு தலமுறையாவும் பதினாலுதானா சார்?"

(இந்த இடத்தில் கலைமணி மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு வாய் யாருக்கு உண்டு? நான் அவள் இடத்தில் இருந்திருந்தால்... இருந்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் நோட்டில் அடித்துத் திருத்த வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை...)

5

முடிவு ஒன்று: அரங்கநாதன் மனம் திருந்திக் கண் கலங்குகிறார். அடித்துவிட்டேன். அந்த அரியலூர்ச் சாலையில் சிமெண்டு லாரிகூட ரிவர்ஸ் எடுக்கும், அவர் எடுக்கமாட்டார்.

முடிவு இரண்டு: தமிழ்மொழி விஞ்ஞானியாகி, மேடையில் "என் மிஸ்" என்று... வேண்டாம். மூன்றை மூன்று என்று எழுத எதற்கு விஞ்ஞானி ஆக வேண்டும்?

வியாழக்கிழமை தமிழ்மொழிக்கு என்ன மதிப்பெண் கிடைத்தது என்று நான் எழுதப் போவதில்லை. அதை நீங்கள் போடுங்கள். போடுமுன் உங்கள் பழைய நோட்டைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கலைமணி வகுப்புக்குப் போய், அந்த 3-க்குக் கீழே 'என் முன்னிலையில் எண்ணப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"மிஸ், சார் மாத்தச் சொன்னாராமே?"

"நீ எண்ணுனியா இல்லையா?"

"எண்ணுனேன் மிஸ்."

"அப்பறம் என்னடி."

கலைமணி பையை எடுத்துக்கொண்டாள். முதல்வர் வராந்தாவில் குறுக்கே நின்று, குரலைக் குழைத்து, "நில்லும்மா கலைமணி, ஒக்காந்து பேசி நாம ஒரு..." என்று ஆரம்பித்தார்.

அந்த வாக்கியத்தை நான் முடித்துக் கொடுக்கவில்லை. கேட்பதற்கு அவள் அங்கே இல்லை.