ஏற மறுத்த மாட்யூல்

செயற்கைக் கால்களுக்கு அச்சு செதுக்கும் அந்தப் பட்டறையில் அன்று காலை இயந்திரம் அசையவில்லை. மின்சாரம் இருந்தது, மோட்டார் இருந்தது, செதுக்கப்பட வேண்டிய நுரைக்கட்டையும் காத்துக் கிடந்தது. மோட்டாருக்குக் கணம் பிசகாமல் ஆணையிட வேண்டிய ரியல்-டைம் மாட்யூல் என்னும் நிரல்துண்டு மட்டும், கணினியின் அடித்தளமாகிய கெர்னலுக்குள் ஏற மறுத்தது. ‘வடிவம் செல்லாது’ என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னது.

பட்டறையை நடத்துபவள், தன் அளவுக்கு மீறிய ஸ்வெட்டரின் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். அருகே கடைசல் இயந்திரத்தில் நின்ற லேத் வேலைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“மிஷினுக்குக் காய்ச்சல் வந்தாதான் மாப்பிள்ளை ஞாபகம் வருமா, தங்கச்சி?”

“உங்க லேத்தைப் பாருங்கண்ணே. காதை இங்க வெச்சா விரல் அங்க போயிடும்.”

அந்த மாட்யூலை எழுதியவன் அவள் கணவன். வேலைக்காகத் தொலைவிலுள்ள நகரத்துக்குப் போனவன், “நீயும் வா” என்றான். “பட்டறையை விட்டு வரமாட்டேன்” என்றாள் அவள். கணவன் போகும் திசைக்கெல்லாம் மனைவிதான் வேரைப் பிடுங்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று எந்த நீதி விதித்தது? நியாயம் அவள் பக்கம் நின்றது. ஆனால் அவன் அவள் பக்கத்தில் இல்லையே! நியாயத்தின் தோளில் தலை சாய்க்க முடியுமா? நள்ளிரவில் விழித்தால் நியாயமா போர்வையை இழுத்துவிடும்?

‘மாட்யூல் ஏறல’ என்று அவள் அனுப்பியிருந்த குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு அழைப்பை எடுத்தவன், “சொல்லு. மாட்யூல் ஏறலியா?” என்றான். நலம்கூடக் கேட்கவில்லை.

“ஏறல.”

“இப்ப ஓடுற கெர்னல் பேரைப் படி.”

மெல்லப் படித்தாள், ஒவ்வோர் எண்ணாக. அவனும் அவசரப்படுத்தவில்லை.

“இது சாதாரண கெர்னலாச்சே! நம்ம மாட்யூல் பழைய ரியல்-டைம் கெர்னலுக்குக் கட்டினது. புதுக் கெர்னல் ஏறக் கூடாதுன்னு நான் பூட்டி வெச்சுட்டுத்தானே வந்தேன்? பூட்டு தானா திறக்காதே.”

“நான்தான் திறந்தேன்.”



“கம்ப்யூட்டரை மறுபடி போடு,” என்றான். “ஆரம்பத்துல வர்ற பட்டியல்ல பழைய கெர்னலைத் தேர்ந்தெடு. ஏறிடும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா கூப்பிட்ட?”

“சும்மா கூப்பிட்டா எடுத்திருப்பீங்களா?”

ஒரு மனிதனைத் தேடுகிறேன் என்று சொல்ல, ஓர் இயந்திரத்தைப் பழுதாக்க வேண்டியிருந்தது! தன்மானம் என்று இருவரும் போற்றி வளர்த்தது இதைத்தானா? லேத் நின்றிருந்தது. வேலைக்காரர் முதல்முறையாகத் தலை குனிந்து, எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கணினியை மறுபடி இயக்கி, பழைய கெர்னலைத் தேர்ந்தாள். மாட்யூல் ஏறியது. இயந்திரம் உறுமி எழுந்தது.

“ஓடுது போல,” என்றான். இணைப்பைத் துண்டிக்கவில்லை. “புது கெர்னலுக்கும் ஒரு மாட்யூல் கட்டணும். கட்டி அனுப்பவா?”

“அனுப்ப வேணாம்.” அவள் குரல் உடைந்தது, ஆனால் தாழவில்லை. “கொண்டு வாங்க.”

நுரைத்தூள் பறந்தது. கட்டையிலிருந்து ஒரு முழங்காலின் வளைவு வெளிப்பட்டுக்கொண்டிருந்தது.

“அங்க இப்ப ரொம்பக் குளிரா?” என்று கேட்டான்.

“குளிருதுங்க,” என்றாள், சுருட்டிய கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டபடி. “உங்க ஸ்வெட்டர் இங்கதான் இருக்கு.”