முப்பதுக்கு எத்தனை

எங்கள் வீட்டில் சோதனை என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. அப்பா கணக்கு மாஸ்டர். வெள்ளவத்தை வீட்டு முன்னறையில், பல்கலைக்கழகம் புக ஏ.எல். சோதனைக்குப் படித்தவர்கள் இன்று லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். சண்டைக் காலத்தில் காலி வீதியில் ஆமிக்காரரிடம் நின்று நின்று சோதனை: பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு. பிறகு அப்பாவுக்கு இரத்தச் சோதனை, சலச் சோதனை. இத்தனைக்கும் மேலே, கடவுள் எங்களைச் சோதிக்கிறார் என்று அம்மா. கடவுளுக்கும் வேறு வேலை இல்லை போலும்.

அப்பா கொஞ்சக் காலமாகவே மறந்துகொண்டிருந்தார். கேஸைத் திறந்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் வந்து பேப்பர் பார்ப்பார். கடைசியாக, சந்திப் பேக்கரியில் பாண் வாங்கப் போனவர் பஸ் ஏறி நகரத்தின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில் போய் நின்றார். ஒரு முஸ்லிம் கடைக்கார நாநா அப்பாவின் போனிலிருந்தே என்னை அழைத்தார். பம்பலப்பிட்டியில் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். என் லீவுக் கதையைக் கேட்டுக் கேட்டு மனேஜருக்கே அலுத்துவிட்டது.

பகலில் ஒரு ஆளை வைப்போம் என்றால் அம்மா கேட்கவில்லை.

"அவருக்கு ஒண்டுமில்லை. வயசு போனால் மறதிதான். ஆள் வைச்சால் சனம் என்ன கதைக்கும்? சந்திரகுமார் மாஸ்டருக்கு மூளை பிசகிட்டுது எண்டு எல்லே?"

டொரன்டோவிலிருந்து அண்ணா வீடியோவில் வருவார். அப்பா சிரிப்பார். "அப்பா நல்லாத்தானே இருக்கிறார், துஷாந்தினி" என்று சொல்லிவிட்டு அண்ணா போய்விடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் அம்மா. சோறு போதாதபோது என்னைத்தான் பார்ப்பார்.

கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. மறதிக்குப் பார்க்கிற டொக்டரிடம் அப்பாவைக் காட்டுவது. வருத்தம் என்று அவர் சொன்னால் அம்மா ஆள் வைக்கச் சம்மதிப்பார். இல்லையென்றால் நான் அதற்குப் பிறகு வாய் திறக்கக்கூடாது. அப்பாவுக்கு நோய் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்ட மகள் நான். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. பசி ருசியறியாது என்பார்கள், களைப்பு வெட்கமறியாது.

கீழ்மாடி எவ்லின் அன்ரியின் கணவரை அதே டொக்டரிடம்தான் காட்டியிருந்தார்கள். அம்மா ஒரு பின்னேரம் கீழே போய்க் கதைத்துவிட்டு வந்தார். டொக்டர் கேட்ட கேள்வியெல்லாம் கையோடு வந்துவிட்டது. அடுத்த நாளே அப்பாவுக்கு ரியூசன் தொடங்கியது.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்பார். "நூறிலயிருந்து ஏழு ஏழாக் கழியுங்கோ."

"தொண்ணூற்றி மூண்டு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது..." கணக்கில் அப்பா இன்னும் புலி.

"இப்ப என்ன மாசம்?" அங்கேதான் வழுக்கும். "பிழை. திருப்பிச் சொல்லுங்கோ. சரி, டொக்டர் ஞாபகம் வைக்கச் சொல்லுற அந்த மூண்டு சொல்?"

"வாழைப்பழம், கதவு, சூரியன்."

"அம்மா, இது பள்ளிக்கூடச் சோதினை இல்லை," என்றேன். "வருத்தம் இருக்கோ எண்டு பாக்கிறது."

"பின்னை ஏன் மார்க்ஸ் போடுறாங்கள்? எவ்லின்ர மனிசனுக்கு முப்பதுக்குப் பதினாலாம். இவர் எத்தினை பேரை எஞ்சினியராக்கினவர்! பதினாலு எடுத்தால் வெளியில தலை காட்டலாமே?"

சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. எப்படியும் மறந்துவிடுவார் என்று விட்டுவிட்டேன். அவர் மறக்கவில்லை. மாதம்கூட வாயில் ஏறிவிட்டது.

டொக்டரிடம் போகும் நாள் காலை அம்மா அவருக்கு வெள்ளைச் சேட்டு போட்டு, திருநீறு பூசி, கோயில் பூவைச் சேட்டுப் பைக்குள் வைத்துக் கூட்டிவந்தார். சோதனைக்குப் போகிற பிள்ளைக்குச் செய்வதில் ஒன்றும் குறையவில்லை. டொக்டர் இளம் ஆள், தமிழர். வருடம், மாதம், கிழமை, எந்த இடம், எத்தனையாவது மாடி என்று கேட்டுக்கொண்டே போனார். அப்பா எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். அம்மா குனிந்து சிரிப்பை அடக்கினார். பாஸ் பண்ணப் போகிறார். நாளைக்கும் கேஸ், நாளைக்கும் கொட்டாஞ்சேனை, நாளைக்கும் நான்.

"இப்ப நான் மூண்டு சொல் சொல்லுவன் ஐயா, அதை நீங்கள்..."

"வாழைப்பழம், கதவு, சூரியன்," என்றார் அப்பா.

டொக்டர் இன்னும் சொல்லவே இல்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் கைப்பையைப் பார்த்தார். பிறகு டொக்டர் என் பக்கம் கைகாட்டி, சும்மா கதைப்பதுபோலக் கேட்டார்.

"ஐயா, இவ ஆர்?"

அப்பா என்னைப் பார்த்தார். மரியாதையாக, நேரமெடுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது சிலபஸில இல்லை, டொக்டர்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எப்போதிருந்து என்று நான் யோசித்தேன். காலையில்கூட என் கையால் தேத்தண்ணி வாங்கி, "நன்றி பிள்ளை" என்றார். மாதக்கணக்காக அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. முன்னறைக்குப் படிக்க வந்த எல்லாரும் அவருக்குப் பிள்ளைதான், அவர்களுக்கு அவர் சேர்.

"நான் அதைச் சொல்லிக் குடுக்கேல்லை, டொக்டர்," என்றார் அம்மா. "அது மறக்கும் எண்டு நான் நினைக்கேல்லை."

பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கேஸ், பாண், கொட்டாஞ்சேனை, எவ்லின் அன்ரி சொல்லித் தந்த கேள்விகள். டொக்டர் பொறுமையாகக் கேட்டார். வருத்தம்தான் என்றார். இனி அப்பாவைத் தனியே விடக்கூடாது, ஒரு ஆள் வேண்டும் என்றார். அம்மா தலையாட்டினார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அம்மா மருந்து எடுக்கப் போனார். அப்பாவோடு வெளியே வந்து நீள வாங்கில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் வராத அழுகை அங்கே வைத்து வந்தது. போகிற வருகிற ஆட்கள் பார்த்தார்கள். அடக்க முடியவில்லை. அப்பா கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன பிள்ளை, சோதினை சரிவரேல்லையோ?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம் சேர்," என்றேன்.

"இதுக்கே அழுறீர்? திருப்பி எடுக்கலாம். கனபேர் ரெண்டாந்தரம்தான் பாஸ் பண்ணினவை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டில அப்பா ஏசுவாரோ?"

"இல்லை சேர்," என்றேன். "அப்பா ஏசமாட்டார்."