பின்வரிசை நட்டு

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் மட்டும் புது விஞ்சுக்குப் பின்னால் முழங்காலிட்டு, ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை மாட்டி, குற்றம் கண்டுபிடிக்க வந்த மாமியார் மாதிரி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் அசையவில்லை. அத்தனையையும் முறுக்கியவள் அவன் மனைவி.

அந்தப் படகுப் பட்டறையில் இருவருமே ஃபிட்டர்கள். அவன் சேர்ந்து வெகு காலம் கழித்து வந்தவள் அவள். படகுகளைத் தண்ணீரிலிருந்து சரிவில் இழுத்தேற்றும் பழைய விஞ்ச் ஓய்ந்து, புதியது வந்தபோது, அதைப் பொருத்தும் பொறுப்பை மேலாளர் அவளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு செரிக்கவில்லை. பட்டறையில் கொக்கு என்று பட்டப்பெயர் வாங்கிய பெயின்டர் சும்மா இருப்பானா?

"மாப்ளே, வீட்டுலயும் அவங்கதான் போர்மேனா? லீவு வேணும்னா அவங்ககிட்டதான் கேக்கணுமா?"

அவனும் சேர்ந்துதான் சிரித்தான். சிரித்த வாய் வீடு போய்ச் சேரும்வரை வலித்தது.

அவள் வேலை செய்த விதம் இன்னும் எரிச்சலூட்டியது. மேலாளர் எவ்வளவு அவசரப்படுத்தியும், கான்கிரீட் நன்றாக இறுகும்வரை விஞ்சை அதன்மேல் ஏற்ற விடவில்லை. அடிச்சட்டத்தின் கீழ் மெல்லிய தகடுகளைச் செருகிச் செருகி, ரசமட்டத்துக் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை. கம்பி வடத்தை உருளையில் சுற்றும் வேலையை மட்டும் அவனிடம் விட்டிருந்தாள். பழைய விஞ்சின் பழக்கத்தில் வடம் மேல்புறமாக வரும்படி சுற்றிவிட்டான். வந்து பார்த்தவள் எல்லோர் முன்னாலும், "பிரிச்சிடுங்க. இதுல கீழ்ப்பக்கமா வரணும். மேல வந்தா விஞ்சையே குப்புறத் தள்ளப் பாக்கும்" என்றாள். 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். அந்த மரியாதைதான் அதிகம் சுட்டது.

ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஸ்பேனரைத் திருப்பி மாட்டி, உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்தினான். பின்வரிசை நட்டு ஒன்று முனகிக்கொண்டே அரைச்சுற்று இளகியது.

மேலாளர் வந்ததும், 'இங்க ஒண்ணு லூசா இருக்கு பாருங்க சார்' என்று தானே கண்டுபிடித்துச் சொல்வான். தானே முறுக்கியும் விடுவான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவ்வளவுதான் திட்டம். பாரம் இழுக்கும்போது விஞ்ச் முன்பக்கம் சாயப் பார்க்கும் என்பதும், அதைப் பிடித்து நிறுத்துவது பின்வரிசைதான் என்பதும் அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் பின்வரிசை மறைவாக இருந்தது. கை அங்கே போய்விட்டது.

சாப்பாடு முடிந்து புது விஞ்சின் வெள்ளோட்டம் பார்க்க எல்லோரும் கூடினார்கள். சரிவின் அடியில் பாதி தண்ணீரில் கிடந்த படகில் வடத்தின் கொக்கியை மாட்டினார்கள். மேலாளர் வந்தார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அதற்குள் அவள் குனிந்துவிட்டாள். ஒவ்வொரு நட்டிலிருந்தும் அடிச்சட்டம்வரை மஞ்சள் பெயின்டில் மெல்லிய கோடு ஒன்று இழுத்து வைத்திருந்தாள். நட்டு துளி திரும்பினாலும் கோடு இரண்டாகிக் காட்டிக்கொடுக்கும். அந்தப் பட்டறையில் யாரும் செய்யாத வேலை. கொக்கு சிந்திய பெயின்ட் என்றல்லவா அவன் நினைத்திருந்தான்!

"ஒரு கோடு விலகியிருக்கு" என்றாள்.

"யாராவது கை வச்சாங்களா?" என்று மேலாளர் கேட்டார்.

அவள் நிமிர்ந்தாள். அவள் பார்வை ஒவ்வொரு முகமாகக் கடந்து, அவனிடம் வந்து, ஒரு மூச்சு நேரம் நின்றது.

"நான்தான் சரியா முறுக்காம விட்டிருப்பேன் சார். எம்மேலதான் தப்பு."

மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "இவ்ளோ பாத்துப் பாத்து செஞ்சும் இப்படியாம்மா?"

இத்தனை நாளாக அவன் கேட்க ஏங்கிய வார்த்தை. காதில் விழுந்தபோது தித்திக்கவில்லை. பழியைச் சுமப்பதில்கூட அவள் அவனைவிடக் கைதேர்ந்தவளாக இருந்தாள். அதற்கும் சேர்த்து அவனுக்கு வயிறு எரிந்தது.

"நீங்களே முறுக்குங்க." இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சை அவனிடம் நீட்டினாள்.

முறுக்கினான். அளவு வந்ததும் ரெஞ்ச் 'டிக்'கென்றது.

"இன்னொரு தடவ."

'டிக்.'

அவள் பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதுக்கோடு இழுத்தாள். "வடத்துக்கு நேரா யாரும் நிக்காதீங்க. எல்லாரும் அந்தப் பக்கம் போங்க. ஏங்க, உங்களையும்தான் சொல்றேன்."

"போ மாப்ளே, மேலிடத்து உத்தரவு" என்றான் கொக்கு. யாரும் சிரிக்கவில்லை.

விஞ்ச் உறுமியது. தளர்ந்து கிடந்த வடம் தரையைவிட்டு எழுந்து, ஈரத்தை உதறி, விறைத்தது. படகு ஒரு முறை சிணுங்கிவிட்டு மெல்ல நகர, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் படகைப் பார்க்கவே இல்லை. நிறுத்தும் பொத்தான்மேல் உள்ளங்கையை வைத்தபடி, சற்றே சாய்ந்து, அவன் முறுக்கிய அந்த ஒரு நட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகு மேலே வந்துகொண்டே இருந்தது. அவள் இமைக்கிறாளா என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.