கை வைக்கக் கூடாத சர்வர்கள்

கலையரசன் சாருக்குக் கை சும்மா இருக்காது. தென்னூரில் இருக்கும் எங்கள் சின்ன ஆபீஸுக்கு அவர்தான் முதலாளி. ஸ்ரீரங்கத்து லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங் இணையதளம் நடத்துகிறோம். அது மொத்தம் ஏழு சர்வர்களில் ஓடுகிறது. பார்த்துக்கொள்வது நான் ஒருத்தி, ஜெஸ்லின். யாராவது லாட்ஜ்காரர் போன் போட்டு மெதுவாக இருக்கிறது என்றால் போதும், சார் தானே உள்ளே நுழைந்து ஏதோ ஒரு சர்வரில் எதையாவது மாற்றிவிடுவார். சொல்லவும் மாட்டார். போன வைகுண்ட ஏகாதசியன்று ஏழும் ஏழு விதமாக இருந்தன. புக்கிங் படுத்துவிட்டது. திட்டு வாங்கியது நான்.

ஏழையும் ஒரே மாதிரி வைத்திருக்க ஒரு கருவி வேண்டும் என்று நான்தான் கேட்டேன். சாரின் பெங்களூர் நண்பர் பெரிய கருவி ஒன்றைச் சொன்னார். அதற்குத் தனியாக ஒரு தலைமை சர்வர், அதைப் பார்த்துக்கொள்ள நண்பரின் ஆள் ஒருவர். நானூறு சர்வர் உள்ள இடத்துக்கு அது சரி, ஏழுக்கு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்? நான் ஆன்சிபிள் என்ற எளிய கருவியைப் பிடித்துக்கொண்டேன். சர்வர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஃபைலில் எழுதினால் போதும், ஏழையும் அப்படியே ஆக்கிவிடும். நடுவில் யாராவது கையால் மாற்றியிருந்தால், அடுத்த முறை ஓடும்போது அது பழையபடி ஆகிவிடும்.

"யோசிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு சார் வெளியூர் போனார். திரும்புவதற்குள் போட்டுவிட்டேன், மணிக்கு ஒரு முறை தானாக ஓடும்படி. வந்ததும் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மார்கழி பிறந்ததும் லாட்ஜ்காரர்களின் போன் ஆரம்பித்தது. சார் ஒரு சர்வரில் கை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது பழையபடி ஆனது. மறுபடி வைத்தார், மறுபடி ஆனது. கடைசியில் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"நான் மாத்தினதெல்லாம் எங்கம்மா போகுது?"

"ஃபைல்ல இல்லாதது நிக்காது சார்."

"என் சர்வர்ல நான் கை வைக்கக் கூடாதா?"

"கூடாது சார். நானும் வைக்கிறதில்ல."

"யாரைக் கேட்டு இதைப் போட்டே? நாளைக்கே உன்னை அனுப்பிட்டு பெங்களூர் நண்பரோட ஆளைக் கூப்பிட்டுக்குவேன்."

இந்த வேலை போனால் சென்னைக்குத்தான் போக வேண்டும். கண் சரியாகத் தெரியாத அப்பாவை இங்கே மேலப்புதூர் வீட்டில் யார் பார்ப்பார்கள்? ஆனால் போன வருடம் வாங்கிய திட்டு மறக்கவில்லை.

"அனுப்புங்க சார். எல்லாம் ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன். நாளைக்கு வர்ற ஆள் படிச்சுட்டு அப்படியே ஓட்டலாம், என்னைத் தேட வேணாம். அதுக்குத்தான் இதைப் புடிச்சேன். நான் இல்லாட்டி எல்லாம் நின்னுடும்னு இருந்தா, உங்களுக்கும் பயம், எனக்கும் பயம்."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்த ஃபைல்ல எழுதணும்?"

காட்டினேன். தன் அறைக்குப் போய் எழுதி, பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார். ஒரே ஒரு சர்வருக்கு மட்டும் எழுதியிருந்தார்.

ஏழுக்கும் சேர்த்து எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.