உத்திரமில்லாத தளம்

என் தந்தை கட்டிய மாவு ஆலையில் உத்திரம் என்று ஒன்று கிடையாது. தூண்கள் உச்சியில் குடைபோல விரிந்து, கான்கிரீட் தளத்தை நேராகவே தாங்கும். உத்திரத்துக்கென்று ஊரார் பங்கு போட்ட பணத்தை அவர் விழுங்கிவிட்டார் என்று ஊர் அன்றே பேசியது. சென்ற மாதம் மாடித் தளத்தின் அடியிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து விழவே, அந்தப் பேச்சு மறுபடி கிளம்பியது. இடித்துவிடலாம் என்று என் தம்பியே சொன்னான்.

"சோதிச்சுப் பார்க்கட்டும். தேறலைன்னா இடிக்க நானே கையெழுத்துப் போடறேன்" என்றேன். அப்பாவின் பெயரைத்தான் பணயம் வைத்தேன்.

பொறியாளர் என் மகள் வயதுப் பெண். சில்லு விழுந்த மூலையில் கம்பி துருப்பிடித்ததற்கு ஒழுகும் குழாய்தான் காரணம், அதைச் சரிசெய்துவிடலாம் என்றாள். தளம் பாரம் தாங்குமா என்பதே கேள்வி. மாடியில் செங்கல் வரப்பு எழுப்பி, தார்ப்பாய் விரித்து, இடுப்பளவு தண்ணீர் நிரப்பினாள். கீழே, தளத்தின் அடியில், தளம் எவ்வளவு தாழ்கிறது என்று காட்டும் முள் வைத்த அளவிகளைப் பொருத்தினாள். அவற்றை வாசலில் நின்று தொலைநோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

"எங்கப்பா கட்டின தளத்துக்குக் கீழ நான் நிக்கக் கூடாதா?"

"தாராளமா நில்லுங்கம்மா. தண்ணி வடிஞ்சதுக்கப்புறம்."

மறுநாள் பார்த்தால் முள் நகர்ந்திருந்தது.

"தாழ்ந்துடுச்சு பாரு. நான் அப்பவே சொன்னேன்" என்றான் தம்பி.

"பாரம் வெச்சா தாழத்தான் செய்யும் சார். இது கம்மிதான். தண்ணி போனதும் திரும்ப எழும்புதான்னு பார்க்கணும்" என்றாள் அவள்.

மடையைத் திறந்தார்கள். தண்ணீர் குழாய்களில் இரைந்து இறங்கியது. நான் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். முள் அசைந்தது, வந்த வழியே திரும்பத் தொடங்கியது. என் கண்ணெதிரே அத்தனை பெரிய தளம், ஒரு நூலளவு, தானாக எழுந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த கட்டடம்தான். அன்றுதான் அது வேலை செய்வதைக் கண்டேன்.

"உத்திரம் இல்லைன்னு யாரும்மா சொன்னது?" என்றாள் அவள், மேலே பார்த்தபடி. "தளம் முழுக்கவே உத்திரந்தான். எல்லாப் பக்கமும் பாரத்தைப் பிரிச்சு அனுப்புது. அந்தக் காலத்துல இதை நம்பிக் கட்டியிருக்காரே!"

தம்பி தொலைநோக்கியைப் பிடுங்கிக்கொண்டான். வெகுநேரம் தரவில்லை.

"குடுடா இங்க."

"இரு அக்கா" என்றான், கண்ணை எடுக்காமல். "இன்னும் ஏறுது."