பதினேழு கொண்டாட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா மீசையை எடுத்துவிட்டார். இருபத்தெட்டு வருடத்து மீசை. குளியலறையிலிருந்து வெளியே வந்தவரைப் பார்த்து அம்மா, யார் வேண்டும் என்று கேட்டுவிட்டு, பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெயிலுக்காக எடுத்தேன் என்றார் அப்பா. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

உண்மைக் காரணம் வீட்டில் நான்கு பேருக்குமே தெரியும். அன்று மதியம் ஒரு மணிக்கு அக்காவின் பல் டாக்டர் தன் அப்பா அம்மாவை அழைத்து வருகிறார். அக்காவின் பல் டாக்டர் என்றால் அவளுக்குப் பல் பிடுங்கியவர் இல்லை, அவளைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறவர். இரண்டு வருடப் பழக்கம். அவருடைய அம்மா சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. இதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அந்த அம்மா பல்கலைக்கழகத்தில் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி. என் கல்லூரி அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகிறது. அவர் ஹாலுக்குள் நுழைந்தால் சாக்ஸுக்குள் இருக்கும் பிட் தானாகவே வெளியே வந்து சரணடையும் என்று எங்கள் சீனியர்கள் சொல்வார்கள். ஒருவர் அழுதுகொண்டே சொன்னார்.

சந்திக்கும் இடத்துக்குப் பல் டாக்டர் யோசனை சொல்ல, அவர் அம்மா மேசை பதிவு செய்துவிட்டார். அவரும் அக்காவும் முதன்முதலில் சேர்ந்து சாப்பிட்ட இடமாம். ஊரிலேயே உசத்தியான ஆசிய ஃப்யூஷன் ரெஸ்டாரன்ட். பெயரைக் கேட்டதும் அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

அந்த ரெஸ்டாரன்டில் உட்கார்ந்ததுமே சர்வர் வந்து, இன்றைக்கு ஏதாவது விசேஷமா என்று கேட்பார். ஆமாம் என்றால் போதும். சாப்பாடு முடிகிற நேரத்தில் நம் மேசைக்கு மேலே விளக்கை மங்கலாக்கி, கேடயம் அளவுக்கு ஒரு வெண்கலத் தட்டை ‘டொய்ங்’ என்று அடிப்பார்கள். கறுப்பு உடை போட்ட பதினொரு பேர் வரிசையாக நின்று தாளம் தப்பாமல் கைதட்டுவார்கள். கிரீன் டீ ஐஸ்கிரீமை மலை மாதிரி குவித்து, சுற்றிலும் வெள்ளைப் புகை கிளம்ப, தூக்கிக்கொண்டு வருவார்கள். உடனடி கேமராவில் இரண்டு படம் எடுத்து, அட்டையில் ஒட்டி, என்ன விசேஷம் என்று அழகாக எழுதுவார்கள். ஒன்று நமக்கு. இன்னொன்று அவர்களுக்கு. அவர்களுக்கு எதற்கு என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பாவுக்கு வேலை தண்ணீர் மீட்டர் பரிசோதனைக் கூடத்தில். மீட்டர் சரியாக ஓடினால் யாரும் பாராட்ட மாட்டார்கள், ஓடாவிட்டால் எல்லோரும் திட்டுவார்கள். முதல்முறை நாங்கள் அங்கே போனது அம்மாவின் நிஜமான பிறந்தநாளுக்கு. பதினொரு பேர் கைதட்டியதை அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை சர்வர் கேட்டபோது, தனக்குப் பதவி உயர்வு என்று சொல்லிவிட்டார். அந்தக் கைதட்டலைக் கேட்டு அவர் கண்கூடக் கலங்கியது. அதற்குப் பிறகு நாங்கள் விசேஷம் இல்லாமல் அங்கே போனதில்லை. விசேஷம்தான் எங்களிடம் இல்லை.

ஆக, திட்டம் இதுதான்: நாங்கள் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. அக்கா மட்டும் பல் டாக்டரோடு ஒருமுறை வந்திருக்கிறாள், அவ்வளவுதான். அப்பாவுக்கு மீசை போனது. எனக்கு அம்மாவின் பழைய கண்ணாடி. அதைப் போட்டதும் உலகமே மீன் தொட்டியாகத் தெரிந்தது. அக்கா மட்டும் காரில், முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள். எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாக அப்பா சொன்னார். எங்கள் வீட்டில் இதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது.

முதல் அரை மணி நேரம் அற்புதமாகப் போனது. கார் டயர் அளவுத் தட்டில் கோட்டுப் பொத்தான் அளவுக்கு மூன்று கொழுக்கட்டைகள் வந்தன. அம்மா முதன்முறை பார்ப்பதுபோல அதிர்ச்சியடைந்தாள். அப்பா சாப்ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டார். போன மாதம் அதே சாப்ஸ்டிக்கால் ஒரு நிலக்கடலையைத் தூக்கி எனக்குக் காட்டியவர். பல் டாக்டரின் அப்பா ரயில்வே சிக்னல் பிரிவில் ஓய்வு பெற்றவர். சிவப்பு, பச்சை தவிர வாழ்க்கையில் வேறு எதற்கும் கருத்துச் சொல்லிப் பழக்கமில்லாதவர் போலத் தெரிந்தது. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தேர்வு அதிகாரி என்னைப் பார்த்து எந்தக் கல்லூரி என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார். அந்த ‘ஓ’வில் என் பதிவெண் இருந்தது.

ஆனால் அக்காவைப் பார்த்து அவர் சிரித்தார். அக்காவின் தோளில் தொங்கிய பூத்தையல் பையைத் தொட்டு, கனம் தாங்குகிறதா என்று விசாரித்தார். அக்காவின் பிறந்தநாளுக்கென்று நாற்பது நாள் உட்கார்ந்து அவரே தைத்துக்கொடுத்த பை அது. அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனதை நான் அப்போது கண்ணாடியின் குறை என்று நினைத்தேன்.

அப்போதுதான் ‘டொய்ங்’ என்றது.

விளக்கு மங்கியது. பதினொரு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மேனேஜர், கையில் பட்டு ரிப்பன் கட்டிய தடித்த ஆல்பத்தோடு. ரெஸ்டாரன்டுக்குப் பத்து வருடம் நிறைகிறதாம். இந்தப் பத்து வருடத்தில் தங்கள் வாழ்க்கையின் எல்லா மகிழ்ச்சியையும் இங்கேயே வந்து கொண்டாடிய ஒரே குடும்பம் எங்களுடையதாம். அதற்காக இந்தச் சிறிய நினைவுப் பரிசு. பிறகு அப்பாவிடம் குனிந்து, "மீசை எடுத்தாலும் நல்லாத்தான் சார் இருக்கீங்க" என்றார்.

பதிவு செய்தவர் பெயரில்தான் பரிசு கொடுக்கும் வழக்கம். ஆல்பத்தைத் தேர்வு அதிகாரியின் கையில் கொடுத்தார்.

அவர் விடைத்தாளைத் திருப்புவதுபோல, விரலை நனைக்காமல், ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அப்பாவின் பதவி உயர்வு. அப்பாவின் இரண்டாவது பதவி உயர்வு. அம்மா வேலையிலிருந்து ஓய்வு. அம்மாவுக்குப் புதிய வேலை. என் பிறந்தநாள். என் பிறந்தநாள். ஏழு வாரம் கழித்து என் பிறந்தநாள். வெளிநாட்டுக்கு அப்பாவின் வழியனுப்பு விழா. இவ்வளவு விசேஷத்தையும் தாங்கிக்கொண்டு எல்லாப் படத்திலும் எங்கள் நான்கு பேரின் முகமும் ஒரே மாதிரி, திருடிய மாங்காயை வாய்க்குள் வைத்திருப்பது போல இருந்தது.

ஒன்பதாவது பக்கத்தில் அவர் விரல் நின்றது. பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். நானும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். படத்தில் அக்காவும் நானும் ஜோடியாக நின்றோம். இருவருக்கும் கழுத்தில் காகித மாலை. கீழே தங்க நிற எழுத்தில்: ‘நிச்சயதார்த்த நல்வாழ்த்துகள்.’

அன்று வேறு எதுவும் தோன்றாமல் அப்பா வாயில் வந்தது அது. பக்கத்தில் நிற்க வயதுப் பையன் என்று நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

"இது... தம்பிதானே?" என்றார் சிக்னல்காரர். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

கைதட்டத் தயாராக உயர்ந்த இருபத்திரண்டு கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. அம்மா தண்ணீர் என்று நினைத்து சோயா சாஸைக் குடித்தாள். முகத்தில்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். அது தன் தம்பியின் குடும்பம் என்றார். அச்சு அசல் எங்களைப் போலவே இருப்பார்கள் என்றார். அவருக்குத் தம்பியே கிடையாது. தம்பி இப்போது வெளிநாட்டில் இருப்பதாகவும், அந்த வழியனுப்பு விழாகூட அவருடையதுதான் என்றும் சொன்னார். பொய் நன்றாக ஓட ஆரம்பித்த உற்சாகத்தில் அப்பாவின் குரல் மெல்ல உயர்ந்தது.

"அப்பா, போதும்" என்றாள் அக்கா.

அப்பா நிறுத்தினார். அக்கா ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து, கடைசியில் தனியாக ஒட்டியிருந்த பதினேழாவது பக்கத்தைத் தானே திருப்பி வைத்தாள். அதில் நாங்கள் யாரும் இல்லை. அவளும் பல் டாக்டரும் மட்டும். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் மாதம். கீழே: ‘இனிய பிறந்தநாள்.’

"இதுவும் பொய்தான்" என்றாள்.

இது எங்களுக்கே தெரியாது. அப்பாவின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. தொழிலை ரகசியமாக மகளும் கற்றுக்கொண்டதை அன்றுதான் அவர் கண்டார்.

அக்கா தலை நிமிராமல் சொன்னாள். அன்று இருவரும் வந்து உட்கார்ந்ததும் சர்வர் வழக்கம்போல விசேஷமா என்று கேட்டார். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது, வீட்டுப் பழக்கம். பல் டாக்டர் பதறிப்போய் மழையில் ஓடி, பூங்கொத்து வாங்கிக்கொண்டு நனைந்து வந்தார். அந்தக் கோலத்தில் நின்றவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள். அடுத்த ஆகஸ்ட்டில் கேக்கோடு வந்து நின்றார். இந்த ஆகஸ்ட்டில் அவர் அம்மாவின் பை வந்தது.

"பையைப் பார்த்த அன்னிக்குத் தூக்கமே வரல" என்றாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா நீங்க போயிடுவீங்கன்னு சொல்லல. அவ்வளவுதான்."

பல் டாக்டர் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அப்போ நிஜமா என்னைக்கு?"

"நவம்பர் ஒன்பது."

தேர்வு அதிகாரி ஆல்பத்தை மூடினார். எழுந்தார். கல்யாணப் பேச்சு எழுந்து வெளியே போகிறது என்றே நான் நினைத்தேன். ஆனால் அவர் அக்காவிடம், "நீ மட்டும் வா" என்றார். பையை எடுத்துக்கொண்டு அக்கா பின்னாலேயே போனாள்.

அந்த ரெஸ்டாரன்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே நடைபாதையில் ஒரே குடைக்குள் இருவரும் நிற்பது தெரிந்தது. அக்கா பேசிக்கொண்டேயிருந்தாள். விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணினாள். ஒரு கை போதாமல் அடுத்த கைக்கும் போனாள். தேர்வு அதிகாரியின் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துத்தான் என் சீனியர்கள் அழுதிருக்க வேண்டும்.

உள்ளே யாருக்கும் யாரையும் பார்க்கத் தைரியமில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜர் வெண்கலத் தட்டை அடிக்கும் கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். இதற்காகத்தான் பத்து வருடமாகப் படம் சேர்த்தோமா என்கிற வேதனை அவர் முகத்தில் இருந்தது. சிக்னல்காரர் மட்டும் மிச்சமிருந்த கொழுக்கட்டையை நிதானமாக எடுத்துச் சாப்பிட்டார்.

பல் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு வருஷத்துக்கு எத்தனை பொறந்தநாள்?"

"போன வருஷம் ஆறுண்ணா" என்றேன். "இந்த வருஷம் படிப்பு அதிகம். மூணுதான்."

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து நாட்காட்டியைத் திறந்தார். ஆகஸ்ட்டில் ஏதோ ஒன்றை அழித்தார். பிறகு நவம்பருக்குத் தள்ளி, ஒன்பதில் எதையோ எழுதினார். எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டேயிருந்தார். அவர் தன் பங்குக்கு முடிவு செய்துவிட்டார். ஆனால் முடிவு அவரிடம் இல்லையே.

இருபது நிமிடம் ஆனது. அக்கா முதலில் உள்ளே வந்தாள், முகமெல்லாம் ஈரம். மழையா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. தோளில் பை அப்படியே இருந்தது. குடையைத் தேர்வு அதிகாரி வாசலில் நின்று உதறிக்கொண்டிருந்தார்.

என்ன கேட்டார்கள் என்று அம்மா கிசுகிசுத்தாள். ஆல்பத்தில் இல்லாத பொய் இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார்களாம். அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டு என்ன சொன்னாங்க?"

"முப்பது வருஷத்துல எத்தனையோ பேரைப் புடிச்சு வெளிய அனுப்பியிருக்கேன், ஆனா பிட்டைத் தானா எடுத்து மேசைல வச்சவங்களை ஒருநாளும் அனுப்பினதில்ல, மிச்சப் பரீட்சையை உட்கார்ந்து எழுதுன்னுதான் சொல்லியிருக்கேன்னாங்க" என்றாள் அக்கா. "கல்யாணம் உண்டு."

அம்மா நாற்காலியில் சரிந்தாள். பல் டாக்டர் எழுந்து நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றாள் அக்கா. "கல்யாணம் முடியற வரைக்கும் அவங்க சொந்தக்காரங்க யார்கிட்டயும் அப்பா வாயைத் திறக்கக் கூடாது."

அப்பாவுக்கு இது புரிய ஒரு கணம் பிடித்தது. பதவி உயர்வு, வழியனுப்பு விழா, இல்லாத தம்பி எல்லாவற்றையும் கலங்காமல் சொன்ன மனிதர், பேயறைந்ததுபோல உட்கார்ந்திருந்தார்.

"வாங்கன்னுகூடவா?" என்று அவருக்காக அம்மா கேட்டாள்.

"கும்பிடலாமாம்."

தேர்வு அதிகாரி மேசைக்கு வந்து நின்றார். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார். மெதுவாக எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பினார். அந்த அம்மா கூப்பிய கைகளை உற்றுப் பார்த்தார், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். இதில் பொய் எதுவும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் உட்கார்ந்தார்.