பின்பக்கம் படுத்தது யார்?

“முதல்ல நான் சொல்றதைக் கேளு—”

“கேக்க மாட்டேன். யாரைக் கேட்டு என் படகை மூடினே?”

“மூடலை டோர்டிஸ், குளிருக்குத் தயார் பண்ணி—”

“ஹீட்டர் குழாயில சொட்டுத் தண்ணி இல்லை. இன்ஜினுக்குள்ள உறையாத்திரவம். சுக்கான்ல ‘ஸ்டார்ட் பண்ணாதே’ன்னு சீட்டு. இதுக்குப் பேரு மூடுறது இல்லாம வேறென்ன, கல்யாணமா?”

“கத்தாதே, தையல் பிரிஞ்சிடும்.”

“பிரியட்டும். பிரிஞ்சா உன் மடியிலயே விழறேன்.”

பித்தப்பையை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத் தூரத்திலிருந்த ஆரெண்டால் ஆஸ்பத்திரியில் நான்கு ராத்திரி படுத்துவிட்டு, அன்று காலைதான் டோர்டிஸ் பஸ்ஸில் ரிசோர் படகுத்துறைக்கு வந்து இறங்கியிருந்தாள். அவளுடைய பை இன்னும் மிதவைப் பாலத்தின் மேலேயே கிடந்தது. எழுபத்தொரு வயது. வீட்டை மே மாதம் வரை ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். இந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு வீடு ‘தேர்னா’தான். செத்துப்போன கணவன் ஐவின்ட் வைத்துவிட்டுப் போன மரப்படகு.

எதிரே பலகையில் உட்கார்ந்திருந்த ஹல்வார், ஐவின்டின் நண்பன், பக்கத்து வரிசையில் படகு வைத்திருப்பவன். ஃபிளாஸ்க் நிறையக் காப்பியும் ஏலக்காய் பன்னும் கொண்டுவந்திருந்தான். இரண்டையும் யாரும் தொடவில்லை.

“ஹீட்டர் ஓடுற படகு உறையாதுன்னு உனக்குத் தெரியாதா? போன குளிர்காலம் முழுக்க இங்கதானே இருந்தேன்?”

“பிப்ரவரியில என்ன ஆச்சு?”

“வழுக்கிச்சு.”

“வழுக்கிச்சா! பனிக்கட்டிக்கு நடுவுல தண்ணியில விழுந்தே. நான் நாயை வெளிய கூட்டிட்டு வரலைன்னா?”

“நாய்க்கு அன்னிக்கே நன்றி சொல்லிட்டேன். சரி, பேசினது போதும். எல்லாத்தையும் திரும்ப மாட்டு.”

“முடியாது.”

“ஒரு மணி நேர வேலை, ஹல்வார். வால்வைத் திற, குழாயில தண்ணியை விடு, பம்ப்போட ரப்பர் சக்கரத்தை மாட்டு, அதில்லாம இன்ஜினுக்குத் தண்ணி வராது.”

“சக்கரம் என்கிட்ட இல்லை.”

“பின்ன யார்கிட்ட இருக்கு?”

அவன் கம்பளித் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

தேர்னாவைக் குளிருக்கு மூடுவது ஒற்றை ஆள் வேலையே இல்லை. இன்ஜினைச் சூடாக்க வேண்டும். கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வை அடைத்துவிட்டு, பம்ப்பின் குழாயை நீலநிறத் திரவம் நிறைந்த வாளிக்குள் விட வேண்டும். இன்ஜின் அதை மடமடவென்று குடித்துவிடும். அந்த ஒரு நிமிஷமும் இன்னொருவர் படகின் பின்பக்கம் குப்புறப் படுத்து, வெளியே தண்ணீர் துப்பும் துளையையே பார்த்துக்கொண்டிருந்து, நீலம் வந்ததும் கத்த வேண்டும். கத்தியதும் இன்ஜினை நிறுத்தாவிட்டால் வாளி காலியாகி, பம்ப் காற்றை இழுத்துக் கருகிப்போகும்.

டோர்டிஸ் குனிந்து பம்ப்பைப் பார்த்தாள். எதுவும் கருகவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அந்த வேலை நடந்ததே இல்லை.

“பதினெட்டு வருஷம் பின்னால படுத்துக் கத்தினது நான்,” என்றாள். “இந்தத் தடவை யாரு கத்தினா?”

“நானே எட்டிப் பாத்துக்கிட்டேன்.”

“வாளியில கையை வச்சுக்கிட்டா? உனக்கென்ன ஒட்டகச்சிவிங்கி கழுத்தா?”

“ஒட்லைவ் வந்தான் ஒத்தாசைக்கு.”

“ஒட்லைவ் படகைக் கரையேத்திட்டு ஸ்பெயினுக்குப் போய் மூணு வாரம் ஆச்சு. வெயில்ல படுத்துக்கிட்டு அங்கேருந்தே கத்தினானா?”

ஹல்வார் சிரிக்கவில்லை. அவள் மெல்லப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“படகைக் கரையேத்த கிரேன் என்னிக்கு?”

“செவ்வாய்க்கிழமை.”

“படகுக்குச் சொந்தக்காரங்க கையெழுத்து இல்லாம படகுச் சங்கத்துல கிரேனைத் தொடக்கூட மாட்டாங்களே.”

“கையெழுத்து இருக்கு.”

“நான் போடலை.”

“பாதிப் படகு உன் பேர்ல இல்லையே, டோர்டிஸ்.”

ஐவின்டின் பாதி மகள் சுனிவாவுக்குப் போயிருந்தது. வக்கீல் ஆபீஸில் அந்தக் காகிதத்தை ‘இங்க போடு கண்ணு’ என்று விரலால் தொட்டுக் காட்டியதே டோர்டிஸ்தான்.

“சுனிவா ஓஸ்லோவுல இருக்கா,” என்றாள். “புதன்கிழமை மத்தியானம் போன் பண்ணினா. ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை, வர முடியலைம்மான்னு அழுதா. படகுக்குப் போனதும் ஹீட்டரை நல்லாப் போட்டுக்கோன்னா.”

ஹல்வார் தொப்பியின் ஓரத்தைத் திருகினான்.

“புதன்கிழமை அவ இங்கதான் இருந்தா. காலையில வந்தா. சாயங்காலம் போயிட்டா. பின்னால படுத்துக் கத்தினதும் அவதான், சக்கரத்தை எடுத்துட்டுப் போனதும் அவதான். என்கிட்ட இருந்தா நீ கேட்டதும் குடுத்துடுவேனாம்.”

“குடுத்திருப்பியா?”

“குடுத்திருப்பேன்.”

“பிப்ரவரியில நடந்ததை அவகிட்ட யாரு சொன்னா?”

ஹல்வார் காப்பி ஃபிளாஸ்க்கை அவள் பக்கம் நகர்த்தினான்.

“சொல்ல வேணாம்னு உன் கையைப் பிடிச்சுக் கேட்டேன், ஹல்வார். பல்லு தந்தியடிக்க, உன் போர்வைக்குள்ள உக்காந்து கேட்டேன். சரின்னே.”

“ஓஸ்லோவுல அவ வீட்டுல உனக்காக ஒரு அறை தயாரா இருக்கு. ஜன்னல்லேருந்து பார்க்கு தெரியுமாம்.”

“பார்க்கா.”

போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் நடுவே வைத்தாள். இரண்டாவது மணியிலேயே மகள் எடுத்தாள்.

“அம்மா! வந்துட்டியா? வலி எப்படி இருக்கு?”

“இருக்கு. ஹீட்டர் ஓட மாட்டேங்குது.”

“அப்படியா? ஹல்வார் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டேன்.”

ஹல்வார் கண்களை மூடிக்கொண்டான்.

“மாமா இங்கதான் இருக்கார். எல்லாத்தையும் சொல்லிட்டார்.”

“அம்மா, நான் உன்கிட்ட நேரா சொல்லியிருந்தா நீ ஒத்துக்கவே மாட்டே. அப்பா இருந்திருந்தா அவரும்—”

“அப்பாவை இழுக்காதே. படகு உனக்கும் சொந்தம், நீ மூடலாம். நான் அதைக் கேக்கலை.”

“பின்ன என்னம்மா?”

டோர்டிஸ் பின்பக்கத்து மரப்பலகையைத் தடவினாள். நீலமாகக் காய்ந்த ஒரு சொட்டு அவள் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“மயக்கம் தெளிஞ்சு முதல்ல கேட்டது உன் குரலைத்தான், சுனிவா. ஓஸ்லோவுல மழைன்னே, ஹீட்டரை நல்லாப் போட்டுக்கோன்னே. அந்த போனை இந்தப் படகுல உக்காந்துதான் பண்ணினியா?”